தாழ்த்திய காரில் டயர் தேய்மானம்: அறிகுறியைப் பார்த்து அலைன்மென்ட் கோளாறைப் பிடிப்பது

முன்பக்க இடது டயரில் ஆணி ஏறியதால் பஞ்சர் கடைக்குப் போயிருந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்ட கடைக்காரர் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், கம்பி தெரியுதுங்க" என்றார். வெளியே நின்று பார்த்தால் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை) பாதிக்கு மேல் இருந்தது. உள்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அந்த டயர் ஓடியிருந்தது வெறும் 7,000 கி.மீ.

வண்டி இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட். 15 அங்குல ரிம், 185/65 டயர். வண்டியின் உயரத்தை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கும் மாட்டி, அன்றைக்கே கம்ப்யூட்டர் அலைன்மென்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்தும் வேலை) போட்டிருந்தேன். தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. "எல்லாம் கிரீன்ல வந்துருச்சுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பச்சை, கம்பெனி வைத்த உயரத்தில் நிற்கும் காருக்கான எல்லை என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது. எல்லைக்குள் இருந்தாலும் ஒரு ஓரத்தில் இருக்கலாம். இடதும் வலதும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தாலும் தாள் பச்சையாகத்தான் வரும்.

அதனால் இப்போதெல்லாம் தாளைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் டயர். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, இறங்கிப் போய், டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்து அடுத்த டயர். மாதம் ஒருமுறை இரண்டு நிமிட வேலை. நான் செய்திருந்தால் இரண்டு டயர் மிச்சம்.

இனி ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம். அதற்கு முன் மூன்று சொற்கள். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரமும் முன்னால் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் காஸ்டர். டயரைத் தின்பதில் காஸ்டருக்குப் பெரிய பங்கில்லை. வண்டி நேராக ஓடுவதும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதும் அதன் வேலை.

முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

தாழ்த்தியவர்களின் முதல் புகார் இதுதான். உடனே எல்லோரும் கேம்பர் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ.

கையால் தடவிப் பார்த்தாலே பிரித்துவிடலாம். டயரின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை. இரு திசையிலும் வழவழப்பாக, ஒரு சரிவு போல ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது கேம்பர். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போலக் கையைக் கீறினால் அது டோ. வெளியிலிருந்து உள்ளே வரும்போது கீறினால் டோ-அவுட் அதிகம். உள்ளிருந்து வெளியே போகும்போது கீறினால் டோ-இன் அதிகம். டயரில் கம்பி வெளியே வந்திருந்தால் இந்தச் சோதனையைக் கையில் கிழிசல் துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள். நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

தாழ்த்தினால் டோ ஏன் மாற வேண்டும்? சக்கரம் மேலும் கீழும் போகும்போது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) ஒரு வட்டத்தில் சுழல்கிறது, டை ராடு (ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) இன்னொரு வட்டத்தில் சுழல்கிறது. கம்பெனி உயரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும்படி அமைத்திருப்பார்கள். வண்டியை 40 மி.மீ. இறக்கினால் இரண்டும் அந்தந்த வட்டத்தில் வேறு இடத்துக்குப் போய்விடும். டை ராடு சக்கரத்தின் பின்பகுதியை உள்ளே இழுக்கும் அல்லது வெளியே தள்ளும். எந்தப் பக்கம் என்பது வண்டியைப் பொறுத்தது. என் வண்டி டோ-அவுட் பக்கம் போயிருந்தது.

எவ்வளவு தேய்க்கும் என்பதற்கு ஒரு கணக்கு. மொத்த டோ 3 மி.மீ. தவறு என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. சக்கரத்தின் விட்டம் சுமார் 600 மி.மீ. அப்படியானால் ஒவ்வொரு மீட்டர் ஓட்டத்துக்கும் டயர் 2.5 மி.மீ. பக்கவாட்டில் இழுபடுகிறது. கோவையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 1,000 கி.மீ. அதில் டயர் இரண்டரை கிலோமீட்டர் குறுக்கே உரசிப் போன கணக்கு. 1 டிகிரி கேம்பர் கூடினால் இந்த அளவு உரசல் கிடையாது. எடை உள்விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக உட்காரும், அவ்வளவுதான். கேம்பரும் டோ-அவுட்டும் சேர்ந்தால்தான் 7,000 கிலோமீட்டரில் கம்பி வெளியே வரும்.

சரி, சரிசெய்வது எப்படி? டோவுக்கு டை ராடில் லாக் நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் சமமாகத் திருகினால் போதும். தெருவில் ஓட்டும் முன்சக்கர இயக்கக் காருக்கு மொத்த டோ பூஜ்யத்திலிருந்து 1 மி.மீ. இன் வரை வைத்தால் நான் நிம்மதியாக இருப்பேன். கேம்பர்தான் சிக்கல். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் கேம்பரை மாற்ற கம்பெனி எந்தத் திருகும் கொடுக்கவில்லை. ஸ்டிரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சக்கர நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடித்து இறுக்கினால் துளையில் உள்ள ஆட்டத்தால் கொஞ்சம் கிடைக்கும். போதாவிட்டால் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போடலாம். நடுவில் முட்டை வடிவக் கழுத்துள்ள போல்ட் அது. திருப்பினால் நக்கிள் நகரும். 1 டிகிரிக்கு மேலும் கிடைக்கும். சில பட்டறைகளில் ஸ்டிரட் துளையையே அரத்தால் ராவிப் பெரிதாக்கித் தருவார்கள். செலவு இல்லைதான், ஆனால் ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்தால் நக்கிள் வழுக்கி அலைன்மென்ட் மொத்தமும் போய்விடும். வேண்டாம்.

இடது −1°20′, வலது −0°50′ என்று இருந்ததை இரு பக்கமும் −0°45′ ஆக்கினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: சில மெஷின் டிகிரி-நிமிடத்தில் காட்டும், சில தசமத்தில் காட்டும். 0°30′ என்பது அரை டிகிரி, 0.30° என்பது 18 நிமிடம். இரண்டு கடைத் தாள்களை ஒப்பிடுவதற்கு முன் எது எந்த அலகில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ரிம்மின் மேல் விளிம்புக்கு நேராகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூர வித்தியாசத்தை அளந்தால் கேம்பர் தெரியும். 15 அங்குல ரிம்மில் சுமார் 6.6 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. டோவுக்கு இரண்டு நேரான அலுமினிய சேனலை, டயரின் கீழ்ப்புடைப்புக்கு மேலே வரும் உயரத்தில் செங்கல் வைத்து, இரு டயரின் வெளிப்பக்கமும் ஒட்டி நிறுத்துங்கள். டயருக்கு முன்னும் பின்னும் சேனல்களுக்கு இடையே டேப்பால் அளந்தால், பின் அளவில் முன் அளவைக் கழித்தது டோ. டயருக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு பாலித்தீன் தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சக்கரம் இறுக்கமில்லாமல் தன் இடத்தில் வந்து நிற்கும். மெஷின் அளவுக்குத் துல்லியம் வராது. மெஷின் பொய் சொல்கிறதா என்று பார்க்கப் போதும்.

அலைன்மென்ட் போட்டு ஒரு மாதத்தில் மறுபடியும் கலைகிறது

இந்த அறிகுறிக்கு நான் மூன்று அலைன்மென்ட் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் காரணம் ஸ்பிரிங் உட்கார்வது. புது ஸ்பிரிங் மாட்டிய அன்று உள்ள உயரம் நிலைக்காது. 300 முதல் 500 கி.மீ. ஓடியபின் இன்னும் சில மி.மீ. இறங்கும். மாட்டிய அன்றே போடும் அலைன்மென்ட் ஓட்டிப் பழக மட்டும்தான். 500 கி.மீ. கழித்துப் போடுவதுதான் உண்மையான அலைன்மென்ட்.

இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் மூட்டில் புஷ் இருக்கும். அதன் நடுவே இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர், வெளியே இன்னொரு வளையம். மூன்றும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியபின் ஆர்ம் ஆடினால் குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். கம்பெனியில் வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில் இந்த போல்ட்டை இறுக்குவார்கள். அந்த உயரத்தில் ரப்பரில் முறுக்கு இருக்காது. நாம் வண்டியை லிப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முழுக்க முறுக்கிய நிலைக்குப் போய்விடும். பழைய போல்ட்டைத் தொடாமல் ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலும் இதே கதைதான், அளவு மட்டும் குறைவு. முறுக்கிய ரப்பர் ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். நாளாக ஆக ரப்பர் கிழியும், வண்டி இறங்கும், அலைன்மென்ட் கலையும். புஷ் போய்விட்டது என்று மாற்றுவீர்கள். அதையும் தொங்கும் நிலையில் இறுக்கினால் மறுபடி அதே சுற்று.

வைத்தியம் எளிது. சக்கரங்கள் தரையில், அல்லது சாய்தளத்தில், எடை முழுக்க இருக்கும்போது லோயர் ஆர்ம் போல்ட்டையும் பின் பீம் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) புஷ் போல்ட்டையும் தளர்த்துங்கள். வண்டியை முன்னும் பின்னும் இரண்டடி தள்ளி, பானெட்டைக் கையால் அமுக்கி ஆட்டிவிட்டு, அதே நிலையில் மறுபடி இறுக்குங்கள். அரை மணி நேர வேலை. அலைன்மென்டுக்கு முன் செய்ய வேண்டியது. பின்னால் செய்தால் போட்ட அலைன்மென்ட் வீண்.

மூன்றாவது, தேய்ந்த பாகங்கள். டை ராடு எண்டும் (டை ராடின் சக்கரப் பக்க முனை) பால் ஜாயின்ட்டும் (லோயர் ஆர்மும் நக்கிளும் சேரும் உருண்டை மூட்டு) ஆட்டம் கண்டிருந்தால் எந்த மெஷினும் உதவாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கடிகார முள் 9-3 இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராடு, 12-6 இடத்தில் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். லாக் நட் இறுக்காமல் விட்டதும் நடக்கும். அலைன்மென்ட் முடிந்ததும் லாக் நட்டில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. கையை விட்டால் வண்டி விலகிப் போவது இழுப்பு. நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் சின்னம் சாய்ந்திருக்கிறது என்றால் கோணல்.

இழுப்புக்கு முதலில் காற்றைப் பாருங்கள். அடுத்து முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். திசைக்குறி உள்ள டயரில் இந்தச் சோதனை கூடாது. நம் சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும். அதனால் லேசான இடது இழுப்பு எல்லா வண்டிக்கும் உண்டு. சாலையின் வலது பாதி காலியாக இருக்கும் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் இடது வலது கேம்பரை ஒப்பிடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாசிட்டிவ் பக்கம் அதிகமாக உள்ள சக்கரத்தின் திசையில் வண்டி போகும். காஸ்டர் வித்தியாசம் இருந்தால் குறைவான பக்கம் இழுக்கும்.

கோணல் என்றால் டை ராடு இரண்டும் சமமாகத் திருகப்படவில்லை. அலைன்மென்ட் போடும்போது இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் ஆட்டி நடுவில் கொண்டுவந்து, கம்பியால் பூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதைச் செய்தும் கோணல் என்றால் பின் அச்சைச் சந்தேகியுங்கள். மழை விட்டதும் ஈரமான இடத்திலிருந்து காய்ந்த தரைக்கு நேராக ஓட்டிப் போய் இறங்கிப் பாருங்கள். முன் டயரின் தடத்தின்மேல் பின் டயரின் தடம் இருபுறமும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒரு பக்கம் விலகியிருந்தால் வண்டி நண்டு நடை நடக்கிறது. முன்சக்கரத்தை மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் இதைப் பிடிக்காது. நான்கு சக்கரத்துக்கும் சென்சார் மாட்டச் சொல்லுங்கள்.

பள்ளத்திலோ வேகத்தடையிலோ ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் துள்ளுகிறது

இதற்குப் பெயர் பம்ப் ஸ்டியர். மேலே சொன்ன அதே வட்டக் கணக்குதான். நிற்கும்போது டோ சரியாக இருந்தாலும், சக்கரம் மேலேறும்போது மாறுகிறது. அலுமினிய சேனல் வைத்து டோவை அளந்துவிட்டு, பானெட்டின் இருபுறமும் இரண்டு நண்பர்களை உட்காரவைத்து மறுபடி அளந்தால் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். (பானெட்டின் நடுவில் உட்காரவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொல்ல மறந்தேன்.) அலைன்மென்ட் மெஷினில் இதற்கு மருந்து இல்லை. டை ராடு எண்டின் உயரத்தை மாற்றும் பாகம் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் வண்டியைக் கொஞ்சம் உயர்த்துவதுதான் வழி.

பின் டயர் உள்ளே தேய்கிறது

இங்கே வண்டியின் வகை முக்கியம். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் பின்னால் டார்ஷன் பீம். இரு சக்கரமும் ஒன்றாக மேலேறினால் கேம்பரோ டோவோ குறிப்பிடும்படி மாறாது. எனவே தாழ்த்தியபின் பின் டயர் கோணலாகத் தேய்ந்தால் தாழ்த்தியதைக் குறை சொல்லாதீர்கள். பீம் வளைந்திருக்கலாம், ஹப் பேரிங் போயிருக்கலாம். ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் திருத்தும் வழி உண்டு. வளைந்த பீமை அடித்து நிமிர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2006இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் வேறு ஜாதி. பின்னாலும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் தனித்தனி ஆர்ம். தாழ்த்தினால் பின் சக்கரத்தின் தலை நன்றாகவே உள்ளே சாயும், டோவும் நகரும். டோவைக் கம்பெனி கொடுத்த திருகிலேயே சரிசெய்யலாம். கேம்பருக்கு நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் வாங்க வேண்டும். முதலில் டோவை மட்டும் சரிசெய்து 2,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள்; பலருக்கு அதிலேயே தேய்மானம் அடங்கிவிடும்.

டயரைச் சுற்றி மேடு பள்ளமாகத் தேய்கிறது, 50, 60 கி.மீ. வேகத்தில் உறுமல்

சுற்றளவில் விட்டுவிட்டுக் குழி விழுந்திருந்தால் அலைன்மென்டை விட்டுவிட்டு ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். கெட்டியான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கில் மாட்டினால் அதனால் அடக்க முடியாது. சக்கரம் துள்ளித் துள்ளித் தரையில் அடிக்கும். ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) வரை தள்ளப்பட்டிருந்தால் ஷாக்குக்கு இயங்க இடமே இல்லை என்று பொருள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கெட்டித்தன்மை 20 சதவீதம்தான் கூடும். உயரமோ நிறைய இறங்கிவிடும். போதாக்குறைக்கு, சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் செய்யும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் ஊர் வேகத்தடைகளைக் கட்டியவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. 170 மி.மீ. தரை இடைவெளியில் வந்த ஸ்விஃப்ட் 130க்கு இறங்கினால் அவற்றில் வயிறு உரசும், லோயர் ஆர்ம் வளையும், நீங்கள் மறுபடி அலைன்மென்ட் கடையில் நிற்பீர்கள்.

டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இதற்கும் தாழ்த்தியதற்கும் சம்பந்தமில்லை.

கடைக்குப் போகும்போது

காற்றைச் சரியாக அடித்துக்கொண்டு, டிக்கியில் உள்ள குப்பையை இறக்கிவிட்டு, அரை டாங்க் பெட்ரோலுடன் போங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன்னுள்ள அளவையும் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடிந்தபின் உள்ள அளவு மட்டும் இருந்தால் எது எவ்வளவு நகர்ந்தது என்று தெரியாது. வரிசை முக்கியம்: பின் சக்கரம், பிறகு முன் கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. "டோ மட்டும் பார்த்தா போதுங்க" என்பார்கள். கேம்பரும் பார்க்கச் சொல்லி, கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். டயர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

உள்விளிம்பு தேய்ந்து, பட்டன் இன்னும் 1.6 மி.மீ. குறிக்கு மேல் எல்லா இடத்திலும் இருந்தால், டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டி மிச்சத்தை ஓட்டலாம். பக்கவாட்டில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அச்சிட்ட டயருக்கும் அம்புக்குறி உள்ள டயருக்கும் இது பொருந்தாது. கம்பி தெரிந்த டயருக்கு எந்த வைத்தியமும் கிடையாது. ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தாழ்த்திய வண்டிக்கு விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கேம்பர் போல்ட் போட்டும், புஷ்ஷைத் தரையில் வைத்து இறுக்கியும், என் வண்டியில் பம்ப் ஸ்டியர் மட்டும் போகவில்லை. கடைசியில் 40 மி.மீ. ஸ்பிரிங்கை விற்றுவிட்டு 25 மி.மீ. ஸ்பிரிங் வாங்கினேன். மாட்டிய அன்று ஒரு அலைன்மென்ட், 500 கி.மீ. கழித்து ஒன்று. இப்போதைய டயர் 19,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பட்டன் ஆழத்தை அளந்தேன்: இடது முன்பக்கம் உள்ளே 4.6 மி.மீ., வெளியே 5.1.